டிஸ்ப்ளே மேனேஜரை மாற்றியும் லேப்டாப் அப்படியே இருக்கிறது. விண்டோ மேனேஜர் என்பது வேறா?

நெல்லை_டு_பிடிஎம்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு வந்து எட்டு மாதம் ஆகிறது. பிடிஎம் லேஅவுட்டில் ஒரு பிஜி, அறைக்கு மூன்று பேர். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்தமாக எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்பதால் எஸ்.பி. ரோடில் ஒரு பழைய திங்க்பேட் வாங்கினேன். 4 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தார்கள். உபுண்டு 22.04 லினக்ஸ் ஏற்றினேன். ஓடுகிறது, ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் நாலு டேப் திறந்தால் சாயங்காலம் ஆறரை மணி சில்க் போர்டு டிராஃபிக் மாதிரி நின்றுவிடுகிறது.

அறைத்தோழன் ஒருவன், "ஜிடிஎம்தான் ரேமைத் தின்கிறது, லைட்டிஎம் போடு, பெயரிலேயே லைட் இருக்கிறது பார்" என்றான் (இரண்டும் லாகின் திரையைக் காட்டுகிற நிரல்கள்). போட்டேன். நிறுவும்போது நடுவில் ஒரு பெட்டி வந்து ஜிடிஎம்3 வேண்டுமா லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்டது, லைட்டிஎம் என்றேன். ரீபூட் செய்தால் பாஸ்வேர்டு கேட்கிற திரையின் முகம் மட்டும் மாறியிருக்கிறது. உள்ளே போனால் அதே க்னோம் டெஸ்க்டாப், இடது பக்கம் அதே பட்டை, அதே மந்தம்.

ஆபீஸில் புலம்பினேன். பக்கத்து சீட் அண்ணன், "நீ மாற்றியது டிஸ்ப்ளே மேனேஜர், மாற்ற வேண்டியது விண்டோ மேனேஜர், ஐ3 போடு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஐ3யையும் போட்டேன், ரீபூட்டும் செய்தேன். மறுபடி அதே க்னோம்தான் வருகிறது. ஐ3 எங்கே போனது என்றே தெரியவில்லை.

கேட்க நினைப்பது இதுதான்: இரண்டும் "மேனேஜர்", டிஸ்ப்ளே என்றாலும் திரை, விண்டோ என்றாலும் திரையில் இருப்பது. இதில் யார் எதை மேய்க்கிறார்கள்? ஐ3க்குள் எப்படிப் போவது? பழைய ஜிடிஎம்மைத் தூக்கிவிடலாமா? அப்புறம் ஒரு விநோதம்: லைட்டிஎம் போட்ட நாளிலிருந்து விண்டோஸ் விசையோடு எல் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்வதில்லை. மூன்று பேர் இருக்கிற அறையில் இது எனக்குக் கொஞ்சம் முக்கியம்.

ரேம்_போடு:

இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கிச் செருகு. இவ்வளவு தத்துவம் தேவையில்லை.

ஓடு_மேல்_ஓடு:

ரேம் போடச் சொன்னவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் கேள்வி அதுவல்லவே.

நண்பா, ஐ3 எங்கும் போகவில்லை, வாசலில்தான் நிற்கிறது, நீங்கள் அதைக் கூப்பிடவில்லை. லாகின் திரையில் பாஸ்வேர்டு அடிப்பதற்கு முன்னால், உங்கள் பெயருக்குப் பக்கத்திலோ திரையின் மேல் மூலையிலோ ஒரு சின்னக் குறி இருக்கும், லாகின் திரையை வரைகிற கிரீட்டர் என்ற நிரலைப் பொறுத்து இடம் மாறும். அதைச் சொடுக்கினால் உபுண்டு, ஐ3 என்று பட்டியல் விரியும். ஐ3யைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். (ஜிடிஎம்மில் இதே விஷயம் வலது கீழ் மூலையில் பல்சக்கரமாக இருக்கும். பெயரைச் சொடுக்கி பாஸ்வேர்டு பெட்டி வந்த பிறகுதான் அது தலைகாட்டும். அதைத் தேடி நான் ஒரு முழுச் சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.)

அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யுஎஸ்ஆர் அடைவுக்குள் ஷேர், அதற்குள் எக்ஸ்செஷன்ஸ் என்று ஓர் அடைவு இருக்கிறது, திறந்து பாருங்கள். ஐ3 நிறுவியபோது அங்கே ஐ3.டெஸ்க்டாப் என்று ஒரு குட்டிக் கோப்பு வந்து விழுந்திருக்கும். உள்ளே நாலைந்து வரிதான்: இதன் பெயர் ஐ3, இதைத் தொடங்க இந்த நிரலை ஓட்டு. லைட்டிஎம் அந்த அடைவைப் படித்துப் பட்டியல் போடுகிறது, நீங்கள் தொட்டதை ஓட்டுகிறது, அவ்வளவே. ஐ3 என்பது என்ன, அது ஜன்னல்களை அடுக்குமா கவிழ்க்குமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் பிஜி கணக்கிலேயே சொல்கிறேன். கேட்டில் நின்று ஆதார் நகல் வாங்கிப் பார்த்து, ஆள் சரியா என்று உறுதிசெய்து, சாவி கொடுக்கிற ஓனர்தான் டிஸ்ப்ளே மேனேஜர். அறைக்குள் யார் கட்டில் ஜன்னலோரம், யார் பெட்டி எதன்மேல், நடக்க எவ்வளவு இடம் என்று முடிவுசெய்பவர் விண்டோ மேனேஜர். ஓனர் மாறினால் உங்கள் கட்டில் நகராது. நீங்கள் ஓனரை மாற்றிவிட்டு அறை ஏன் விசாலமாகவில்லை என்று கேட்கிறீர்கள்.

ரேம் விஷயமும் இதுதான். லாகின் திரையாக வருகிற கிரீட்டர், நீங்கள் உள்ளே போனதும் போய்விடும். பின்னணியில் மிஞ்சுவது ஒரு சின்னக் காவல் நிரல், அது ஜிடிஎம்மாக இருந்தாலும் லைட்டிஎம்மாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் 4 ஜிபியைத் தின்றுகொண்டிருப்பது க்னோம் ஷெல்லும் (க்னோமின் பட்டையையும் மெனுக்களையும் வரைகிற நிரல்) அதன் பரிவாரமும், அதற்கு மேல் ஃபயர்ஃபாக்ஸும். லைட்டிஎம் பெயரில் இருக்கிற லைட் உங்கள் வேலைநேரத்துக்கு ஒரு பைசா மிச்சம் பிடித்துத் தராது. இந்தத் தவறான அறிவுரையை எத்தனை இடத்தில்தான் திருத்துவது என்று எனக்கே அலுத்துவிட்டது.

இப்போது பூட்டு. இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிட்டு நானே கொஞ்சம் பின்வாங்க வேண்டிய இடம் இது. ஏட்டளவில் டிஸ்ப்ளே மேனேஜரும் உள்ளே இருப்பதும் தனித்தனி. ஆனால் க்னோம் தன் திரைப்பூட்டை ஜிடிஎம்மோடு சேர்த்துத் தைத்துவிட்டது. பூட்டைத் திறக்கும்போது பாஸ்வேர்டு சரியா என்று ஷெல் கேட்பது ஜிடிஎம்மிடம். அது ஓடவில்லை என்றால் பூட்டவே மறுத்துவிடும், "திரைப்பூட்டுக்கு க்னோமின் டிஸ்ப்ளே மேனேஜர் வேண்டும்" என்ற அர்த்தத்தில் ஓர் அறிவிப்பும் காட்டும். நீங்கள் அதைத் தட்டி மூடியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். ஆகவே க்னோமில்தான் இருக்கப்போகிறேன் என்றால் ஜிடிஎம்முக்கே திரும்புங்கள், சூடோவோடு டிபிகேஜி-ரீகன்ஃபிகர் ஜிடிஎம்3 என்று அடித்தால் அந்தப் பெட்டி மறுபடி வரும். ஐ3க்குப் போனால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஐ3லாக் என்று தனியாக ஒரு பூட்டு இருக்கிறது, அதற்கு எந்த டிஸ்ப்ளே மேனேஜரும் வேண்டாம்.

ஜிடிஎம்மைத் தூக்க வேண்டாம். பின்னணிச் சேவைகளைக் கிளப்புகிற சிஸ்டம்டி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓட்டும். டிஸ்ப்ளே-மேனேஜர்.சர்வீஸ் என்று ஒரு சுட்டி இருக்கிறது, அது யாரைக் காட்டுகிறதோ அவர்தான் அன்றைய ஓனர். மற்றவர் டிஸ்க்கில் தூங்குகிறார், ரேமில் இல்லை. தூக்கப் போனால் உபுண்டுவின் டெஸ்க்டாப் தொகுப்பும் "நானும் வருகிறேன்" என்று கூடவே கிளம்பும், அதன்பின் இனி தேவையில்லை என்று கருதுவதையெல்லாம் நீக்குகிற ஆட்டோரிமூவ் கட்டளையை அடித்தீர்களானால் என்னென்ன போகும் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நெல்லை_டு_பிடிஎம்:

ஐயோ, அந்தச் சின்னக் குறி! இத்தனை நாள் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. மிக்க நன்றி.

ஐ3 வந்துவிட்டது. முதல் தடவை வந்ததும் அமைவுக் கோப்பு உருவாக்கவா என்று கேட்டது, அப்புறம் எந்த விசை தலைமை விசை, விண்டோஸா ஆல்ட்டா என்று கேட்டது. விண்டோஸ் என்றேன். அவ்வளவுதான், கருப்புத் திரை, அடியில் ஒரு மெல்லிய பட்டை. சொடுக்க எதுவுமே இல்லை! பத்து நிமிடம் அதை நான் பார்த்தேன், என்னை அது பார்த்தது. போனில் தேடித்தான் விண்டோஸ்+என்டர் அடித்தால் டெர்மினல் வரும் என்று தெரிந்தது. இரண்டாவது டெர்மினல் திறந்ததும் முதலாவது தானாகப் பாதிக்கு ஒதுங்கி இடம் விட்டது, அது பிடித்திருக்கிறது.

ஃபயர்ஃபாக்ஸ் திறந்தும் ரேம் கொஞ்சம் மூச்சுவிடுகிறது, நன்றாகவே தெரிகிறது. ஆனால் டச்பேடில் தட்டினால் கிளிக் ஆவதில்லை, பொத்தானை அமுக்க வேண்டியிருக்கிறது. க்னோமில் வைத்திருந்த கருமை தீம் போய்விட்டது, வால்பேப்பரும் இல்லை. இதையெல்லாம் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தது யார்? ஓனரா, கட்டில் போடுபவரா?

ஓடு_மேல்_ஓடு:

இருவரும் இல்லை, வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. அதாவது டெஸ்க்டாப் என்விரான்மென்ட். க்னோமில் அமைப்புகளைக் கவனிக்கவென்றே சில பின்னணி நிரல்கள் ஓடுகின்றன, தீம், ஒலி, மின்சாரம் என்று ஆளுக்கொன்று. டச்பேடை க்னோமின் விண்டோ மேனேஜரான முட்டர் பார்த்துக்கொள்ளும். அந்தக் குடும்பம் முழுக்க ஐ3 செஷனில் கிடையாது. லிப்இன்புட் என்கிற உள்ளீட்டு நூலகம், தனிப் பொத்தான் இருக்கிற டச்பேடில் தட்டலை இயல்பாகவே அணைத்துத்தான் வைத்திருக்கும். திங்க்பேடில் பொத்தான் இருக்கிறதே, அதனால் நீங்களே எழுதி இயக்க வேண்டும். எக்ஸ்-இன்புட் கட்டளையை ஐ3 அமைவுக் கோப்பில் ஒரு வரியாகப் போட்டால் போதும்.

இன்னொன்று, க்னோமில் விண்டோ மேனேஜரை மட்டும் கழற்றி ஐ3யை மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கழற்றவே வராது. முட்டர் க்னோம் ஷெல்லுக்குள்ளேயே நூலகமாகக் கரைந்து கிடக்கிறது, இரண்டும் ஒரே புராசஸ். எக்ஸ்எஃப்சிஇ என்கிற இன்னொரு டெஸ்க்டாப் என்றால் அதன் விண்டோ மேனேஜரான எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 தனி நிரல், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐ3யை வைத்து, பட்டையும் டச்பேடும் அவர்களுடையதாகவே இருக்கட்டும் என்று விடலாம். நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

பாதிக்கு ஒதுங்கி இடம் விட்டது என்றீர்களே, அதுதான் டைலிங். பிஎம்டிசி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார், எல்லோரும் ஓர் இஞ்ச் நகர்வார்கள். ஐ3 ஒவ்வொரு புது ஜன்னலுக்கும் அதைத்தான் சொல்கிறது. க்னோம் மாதிரியானவை ஒருவர் மடியில் ஒருவரை உட்காரவைக்கும்.

அல்சூர்_பழசு:

தம்பிகளா, பிஜி ஓனர் உவமை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓனரை வெறும் கேட் வாட்ச்மேனாக ஆக்கிவிட்டீர்கள். பெயர் ஏன் "டிஸ்ப்ளே" மேனேஜர், ஏன் "லாகின்" மேனேஜர் இல்லை என்று யாரும் கேட்கவில்லை பாருங்கள்.

ஜன்னல்களைத் திரையில் காட்டுகிற அடித்தளமான எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984ல் எம்ஐடியில் பிறந்தது, இன்று ஓடுகிற எக்ஸ் 11 வந்தது 1987 செப்டம்பர். அந்த உலகத்தில் டிஸ்ப்ளே என்றால் கண்ணாடித் திரை மட்டும் அல்ல. ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ், ஒன்றோ பலவோ திரைகள், இவற்றைக் கட்டியாளும் எக்ஸ் சர்வர், மொத்தமும் சேர்ந்ததுதான் ஒரு டிஸ்ப்ளே. டெர்மினலில் டிஸ்ப்ளே மாறியை எக்கோ செய்து பாருங்கள், முக்காற்புள்ளி 0 என்று வரும், சில சமயம் 1 என்று வரும். அந்தப் புள்ளிக்கு முன்னால் வெறுமையாக இருக்கிற இடத்தில் ஒரு கணினியின் பெயரும் வரலாம். அதாவது டிஸ்ப்ளே உங்கள் மேசையில், நிரல் வேறெங்கோ.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் எங்கள் மேசைகளில் இருந்தவை எக்ஸ் டெர்மினல்கள். டிஸ்க் கிடையாது. பொத்தானைப் போட்டால் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக நெய்த துணி மாதிரி ஒரு திரை, நடுவில் பெருக்கல் குறி மாதிரி கர்சர். அது நெட்வொர்க்கில் "யாராவது இருக்கிறீர்களா" என்று கூவும், கீழ்த்தளத்தில் ஏசி அறையில் இருக்கிற யூனிக்ஸ் எந்திரம் "நான் இருக்கிறேன்" என்று பதில் சொல்லி ஒரு லாகின் பெட்டியை மேலே அனுப்பும். அந்தப் பதிலைச் சொன்னதுதான் எக்ஸ்டிஎம், முதல் டிஸ்ப்ளே மேனேஜர். 1988ல் எக்ஸ் 11இன் மூன்றாம் வெளியீட்டோடு வந்தது, இந்தக் கூவல் நெறிமுறையான எக்ஸ்டிஎம்சிபி அடுத்த வெளியீட்டில், 1989ல். ஓர் எக்ஸ்டிஎம் ஒரே சமயத்தில் இருபது மேசைகளைப் பார்த்துக்கொள்ளும். எந்த டிஸ்ப்ளே உயிரோடு இருக்கிறது, எதில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் எழுந்து போனார், எதை அடுத்தவருக்குத் துடைத்து வைக்க வேண்டும். டிஸ்ப்ளேக்களை மேய்த்ததால்தான் டிஸ்ப்ளே மேனேஜர். எழுத்து முனையங்களுக்கு இனிட், கெட்டி, லாகின் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலையை இது செய்கிறது என்று அதன் கையேடே சொல்லும்.

உங்கள் லேப்டாப்பிலும் அதே வேலைதான், மேசை ஒன்று என்பதால் தெரிவதில்லை. எக்ஸ் சர்வரைக் கிளப்புவது அது, பாம் என்கிற அடையாளச் சரிபார்ப்பு அமைப்பு வழியாகப் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது அது, உங்கள் பெயரில் செஷனைத் தொடங்குவது அது. பிறகு காத்திருக்கும். நீங்கள் வெளியேறியதும் மிச்சம்மீதியைக் கூட்டிப் பெருக்கி மறுபடி லாகின் திரையைப் போடும். ஓனர் சாவி கொடுப்பவர் மட்டும் அல்ல, அறையைத் திறந்து விளக்குப் போட்டு, நீங்கள் காலிசெய்ததும் பூட்டுகிறவரும் அவரே.

விண்டோ மேனேஜரைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? எக்ஸ்டெர்ம் (ஓர் எளிய டெர்மினல்), டிடபிள்யூஎம் (twm, பழைய டேப் விண்டோ மேனேஜர், 1987ல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதியது, இப்போதைய டைலிங் dwm வேறு), அப்புறம் எக்ஸ்இனிட், மூன்றையும் நிறுவுங்கள். லாக் அவுட் செய்துவிட்டு கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் லாகின் ஆகுங்கள். வீட்டு அடைவில் .எக்ஸ்இனிட்ஆர்சி என்று ஒரு கோப்பு, உள்ளே எக்ஸ்டெர்ம் என்று ஒரே ஒரு வரி. இப்போது ஸ்டார்ட்எக்ஸ்.

என்ன வருகிறது? வெறுமையான திரை, இடது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு ஓர் எக்ஸ்டெர்ம். தலைப்புப் பட்டை இல்லை, விளிம்பு இல்லை, மூடும் பொத்தான் இல்லை, இழுத்தால் நகராது. மவுஸ் அதன்மேல் இருந்தால் மட்டும் தட்டச்சு விழும், விலகினால் விழாது. டிஸ்ப்ளே இருக்கிறது, விண்டோவும் இருக்கிறது, டிஸ்ப்ளே மேனேஜரும் இல்லை, விண்டோ மேனேஜரும் இல்லை. இரண்டும் இல்லாமலே எக்ஸ் ஓடும்! அந்த எக்ஸ்டெர்மிலேயே டிடபிள்யூஎம் என்று அடித்துப் பக்கத்தில் ஆம்பர்சாண்ட் போட்டு என்டர் தட்டுங்கள். கண் எதிரே அந்த ஜன்னலுக்குத் தலைப்புப் பட்டை முளைக்கும், பிடித்து இழுத்தால் வரும். டிடபிள்யூஎம்மைக் கொல்லுங்கள், பட்டை மறையும், எக்ஸ்டெர்ம் சாகாமல் அங்கேயே இருக்கும். எக்ஸ் 11க்கு விண்டோ மேனேஜர் என்பது ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி இன்னொரு சாதாரண கிளையன்ட்தான். "வேறு யாராவது ஜன்னலை வைக்கவோ நகர்த்தவோ கேட்டால் முதலில் என்னிடம் சொல்" என்று சர்வரிடம் ஒரு சலுகை மட்டும் வாங்கி வைத்திருக்கும். அந்தச் சலுகை ஒருவருக்குத்தான். டிடபிள்யூஎம் ஓடும்போதே ஐ3யைக் கிளப்பிப் பாருங்கள், வேறொரு விண்டோ மேனேஜர் ஏற்கெனவே ஓடுகிறது போலிருக்கிறது, எக்ஸ் பிழை 10 என்று முறைத்துவிட்டுப் போய்விடும். கடைசியில் எக்ஸ்டெர்மில் எக்ஸிட் அடித்தால் எக்ஸே மூடிக்கொண்டு எழுத்துத் திரைக்கு வந்துவிடுவீர்கள். விளையாடி முடித்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்.

எதற்கு இவ்வளவு என்றால், ஏதாவது உடையும்போதுதான் இந்த வித்தியாசம் சோறு போடும். உபுண்டு 16.04 காலத்தில் ஒரு நாள் அவசரத்தில் ஸ்டார்ட்எக்ஸை சூடோவோடு அடித்துவிட்டேன். அடுத்த பூட்டில் பாஸ்வேர்டு அடிக்கிறேன், ஒரு நொடி கருப்பு, மறுபடி பாஸ்வேர்டு திரை. திரும்பத் திரும்ப அதேதான். பாஸ்வேர்டு மறந்துவிட்டேனோ என்று அதை மாற்றினேன், பயனில்லை. டிஸ்ப்ளே மேனேஜரை அகற்றிப் புதிதாக நிறுவினேன், பயனில்லை. அப்புறம்தான் உறைத்தது: பாஸ்வேர்டு தப்பு என்று அது சொல்லவே இல்லையே. ஓனர் சாவி கொடுத்துவிட்டார், அறைக்குள் போய்த்தான் நான் விழுகிறேன். எஃப்3ல் போய்ப் பார்த்தால் என் வீட்டு அடைவில், எக்ஸுக்குள் நுழைய அனுமதிச் சீட்டான .எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் ரூட். அப்போதைய உபுண்டுவில் சூடோ என் வீட்டு அடைவையே வீடாக வைத்துக்கொண்டதால் வந்த வினை. இப்போது அந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டார்கள். ஆனால் வீட்டுப் பார்ட்டிஷன் நிரம்பி வழிந்தால் இன்றும் இதே சுழல் வரும், டிஸ்க்கில் மிச்சமிருக்கிற இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பாருங்கள். பாஸ்வேர்டு தப்பு என்று திட்டினால் டிஸ்ப்ளே மேனேஜர் பக்கமும் பாம் பக்கமும் பாருங்கள். உள்ளே விட்டுவிட்டுத் துப்பினால் செஷன் பக்கம், அதாவது விண்டோ மேனேஜர், வீட்டு அடைவு, .எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பு.

வேலண்ட்_வாசு:

பழசு ஐயாவின் பதிவை அப்படியே சேமித்துக்கொண்டேன். ஆனால் ஒரு சங்கடம், இது எல்லாம் எக்ஸ் 11 கதை. நம் நண்பர் உபுண்டு 22.04ல் ஜிடிஎம்மோடு இருந்திருந்தால் அவர் ஓட்டியது பெரும்பாலும் எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட். அங்கே இந்த வேலியில் பாதி விழுந்துவிட்டது.

எக்ஸில் சர்வர் ஒருவர், விண்டோ மேனேஜர் ஒருவர், நிழலும் ஒளிபுகுதலும் போடுகிற காம்போசிட்டர் ஒருவர். வேலண்டில் (2008ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கியது) மூன்று வேலையும் ஒரே ஆளுக்கு, அவர் பெயர் காம்போசிட்டர். க்னோமில் முட்டர், கேடிஇ டெஸ்க்டாப்பில் கேவின், ஐ3 பழகியவர்களுக்கு ஸ்வே. ஐ3யின் அமைவுக் கோப்பையே ஸ்வே படித்துக்கொள்ளும், ஒன்றிரண்டு வரி மாற்றினால் போதும்.

இதன் விளைவை ஒரே விசையில் பார்க்கலாம். க்னோமை எக்ஸ் மேல் ஓட்டும்போது ஆல்ட்+எஃப்2 அழுத்தி ஆர் என்று அடித்தால் ஷெல் செத்துப் பிழைக்கும், திரை ஒரு தடவை நடுங்கும், ஆனால் திறந்திருந்த ஜன்னல் ஒன்றும் போகாது, ஏனென்றால் அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது எக்ஸ் சர்வர். வேலண்டில் அதையே அடித்தால் "இங்கே அது முடியாது" என்று கைவிரித்துவிடும். அங்கே ஷெல்லே சர்வர், அது செத்தால் அதைப் பிடித்துத் தொங்கும் எல்லா ஜன்னலும் சாகும். ஐயாவின் டிடபிள்யூஎம் வித்தையை வேலண்டில் செய்துகாட்டவே முடியாது.

டிஸ்ப்ளே மேனேஜர் மட்டும் இரண்டு உலகத்திலும் பிழைத்துக்கொண்டது. எக்ஸ்செஷன்ஸ் அடைவுக்குப் பக்கத்திலேயே வேலண்ட்-செஷன்ஸ் என்று இன்னொன்று இருக்கும், அதையும் படித்துப் பட்டியலில் சேர்க்கும். வேலண்டில் எக்ஸ் அர்த்தத்தில் டிஸ்ப்ளே என்று மேய்க்க ஒன்றும் இல்லை, பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேக்கில் இதற்கு லாகின்விண்டோ என்றே பெயர், ஜன்னல் வேலை விண்டோசர்வருக்கு. ஆப்பிள்காரர்கள் பெயராவது ஒழுங்காக வைத்தார்கள்.

இன்னும் குழப்பவா? ஜிடிஎம் காட்டுகிற லாகின் திரையே ஒரு க்னோம் ஷெல்தான். அதாவது டிஸ்ப்ளே மேனேஜர் உங்களிடம் பெயர் கேட்பதற்காகவே தனியாக ஒரு விண்டோ மேனேஜரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஜிடிஎம் கனம் என்ற கெட்ட பெயர் இதனால்தான் வந்திருக்க வேண்டும், லாகின் திரை நிற்கிற வரை அது உண்மையும்கூட. உள்ளே போனபிறகு அந்தக் கனம் இல்லை.

ஓடு_மேல்_ஓடு:

ஆம், வேலண்டைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. ஆனால் 4 ஜிபி திங்க்பேடில் ஐ3 ஓட்டுகிறவருக்கு எக்ஸ் கதையே போதும் என்று நினைத்தேன்.

நெல்லை_டு_பிடிஎம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்த எக்ஸ்டெர்ம் வித்தையைச் செய்து பார்த்தேன். தலைப்புப் பட்டை முளைத்தபோது அறைத்தோழனைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இதற்கா இவ்வளவு சத்தம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். லைட்டிஎம்மின் பெயரைப் பார்த்துப் பரிந்துரைத்தவன் அவன்தான், அதையும் விளக்கினேன், கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இப்போதைய நிலவரம்: லைட்டிஎம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், ஜிடிஎம்மைத் தொடவில்லை. செஷன் ஐ3. டச்பேட் வரியை அமைவுக் கோப்பில் போட்டேன், தட்டல் வேலை செய்கிறது. ஐ3லாக்கை விண்டோஸ்+ஷிஃப்ட்+எக்ஸில் கட்டிவைத்தேன். வெள்ளைத் திரை வருகிறது, பாஸ்வேர்டு பெட்டி எதுவும் காட்டவில்லை, முதல் தடவை மாட்டிக்கொண்டேன் என்று பயந்துவிட்டேன், சும்மா பாஸ்வேர்டை அடித்து என்டர் தட்டினால் திறக்கிறது. சரி, இதையும் பழகிக்கொள்ளலாம்.

ஃபயர்ஃபாக்ஸில் பத்து டேப் தாண்டினால் மட்டும் மறுபடி இழுக்கிறது. ஆகவே முதல் பதில் போட்ட நண்பர் சொன்னதையும் கேட்டுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோடு போய் இன்னொரு 4 ஜிபி வாங்கப்போகிறேன்.

ரேம்_போடு:

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும். சனிக்கிழமை போ. லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போ, அங்கேயே செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடு.